பதினொன்றாவது ஷரத்து

கற்பலகைகளை அறுத்து மெருகேற்றும் அந்தக் கம்பெனியில் வேலை ஒப்பந்தங்களைத் தட்டச்சு செய்வது அவள்தான். கணவனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். பதினொன்றாவது ஷரத்து அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்: தூசி தடுக்கும் மாஸ்க்கைக் கம்பெனி தர வேண்டும், தொழிலாளி அணிய வேண்டும், வாங்கிக்கொண்டதற்கு அவன் கையெழுத்திட வேண்டும்.

மாஸ்க்குகள் இருக்கத்தான் செய்தன. ஸ்டோர் ரூம் அலமாரியில், பூட்டுக்குள், சீமாட்டிகள் மாதிரி சுகமாக இருந்தன. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வெளியே வந்து முகம் காட்டும். அவர் வண்டி வாசலைத் தாண்டியதும் எண்ணி வாங்கி உள்ளே வைத்துவிடுவார்கள்.

கையெழுத்து விஷயம் அதைவிட லட்சணம். மிஷினை நிறுத்தி நாற்பது பேரை ஆபீசுக்குக் கூப்பிட மேனேஜருக்கு மனம் வராது. "நீயே போட்டுடும்மா, சும்மா ஒரு பேருக்குத்தானே" என்பார். அவளும் போட்டாள். கணவனுக்கும் சேர்த்துத்தான் போட்டாள். அன்று வீட்டில் சிரித்துக்கொண்டே அதைச் சொன்னபோது, "என்னைவிட நல்லாவே போட்டிருப்ப" என்றான் அவன்.

ஆறே வருடத்தில் அவன் நுரையீரலில் கல்தூசி படிந்துவிட்டது. ஏழு படி ஏற இரண்டு முறை உட்காருகிறான். டாக்டர் கைவிரித்துவிட்டார், வீட்டில் ஆக்ஸிஜன் மிஷின் வைத்தால் கொஞ்ச காலம் தள்ளலாம் என்றார். மாஸ்க் தரவில்லை என்று நிரூபித்தால் மிஷினைக் கம்பெனிதான் வாங்கித் தர வேண்டும். அவன் சார்பில் புகார் எழுதியதும் அவள்தான். அந்தப் பாழாய்ப்போன கையெழுத்து அப்போது அவள் நினைவுக்கே வரவில்லை.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்ய அவளையே உட்கார வைத்திருந்தார்கள். அவள் அவன் மனைவி என்று, விசாரிக்க வந்த தொழிலாளர் துறை அதிகாரிக்கு யாரும் சொல்லவில்லை. அதிகாரி பழைய ஒப்பந்தத்தை அவன் முன்னால் நகர்த்தினார்.

"மாஸ்க் வாங்கினதா கையெழுத்து இருக்கே. உங்களோடதுதானா? இல்லன்னா சொல்லுங்க. வேற யார் போட்டிருந்தாலும் அவங்க மேல கேஸ் ஆகும்."

மேனேஜர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உண்மையைச் சொன்னால் வேலை போகும், ஜெயில்கூடக் கிடைக்கலாம். வீட்டில் அடுப்பெரிவதும், மகள் பள்ளிக்கூடம் போவதும் இப்போது அவள் ஒருத்தி சம்பளத்தில். சொல்லாவிட்டால் அவனுக்கு மூச்சில்லை. ஆனாலும் வாயைத் திறந்தாள்.

"சார், அது வந்து..."

அவன் இருமினான். இருமல் அடங்க வெகுநேரம் பிடித்தது.

"என்னோடதுதாங்க" என்றான், அவள் பக்கம் திரும்பாமல்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

"பாத்துட்டேங்க. மாஸ்க் குடுத்தாங்க. நான்தான் மாட்டிக்கல."

"அப்படியே டைப் பண்ணிக்கோங்கம்மா" என்றார் அதிகாரி.

அவள் தட்டச்சு செய்தாள். ஒரு பிழைகூட விழவில்லை. அவன் காகிதத்தை வாங்கி, பழைய ஒப்பந்தத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, அவள் போட்டிருந்ததைப் பார்த்துப் பார்த்து, அதே மாதிரி கையெழுத்துப் போட்டான்.