திரையில் இறங்க மறுத்த மலை

இதில் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் வாரங்கூலா ஊர்க்கூடத்தின் தகரக் கூரை மீது சத்தியம், அந்தக் கூரையின் கீழ் விற்கிற, கறி அடைத்துச் சுட்ட மீட் பை மீதும் சத்தியம்.

அந்தக் கோடைக்கால ஜனவரிச் சனிக்கிழமை பிற்பகல் பெரில் ஸ்டாண்டிஷுக்கு வந்த கோபத்துக்கு வெயிலைக் குறை சொல்ல முடியாது. வெயில் வெறும் நாற்பத்து நான்கு டிகிரிதான். குறை சொல்ல வேண்டியது ஊர்க்கூடச் செயலாளர் கெய்த் மோபர்லியை.

இருபத்தாறு வருடமாகக் கூடத்தின் ஒலி மிக்ஸர் பெரிலின் கையில் இருந்தது. காதால் கேட்பாள், விரலால் திருகுவாள், அவ்வளவுதான். வியாழக்கிழமை கெய்த் ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசரை வரவழைத்தான். கேட்கிற சத்தத்தை மலைத்தொடர் மாதிரித் திரையில் வரைந்து காட்டும். கனத்த ஒலி இடப்பக்கம், கூர்மையான ஒலி வலப்பக்கம். கருவி நல்ல கருவிதான். அதன் மைக்கைக் காற்றோட்டமாக இருக்கட்டும் என்று திறந்த ஜன்னலில் கொண்டுபோய்க் கட்டியவன்தான் கெய்த். திரையின் குறுக்கே ஒரு சிவப்பு டேப்பையும் ஒட்டினான்.

"எந்த மலையும் இதைத் தாண்டக் கூடாது. பாட்டுப் போட்டி முடிஞ்சதும் கமிட்டி ஓட்டுப் போடும். தாண்டிச்சுன்னா மிக்ஸர் ரூம் சாவி என்கிட்ட வந்துரும்."

"ஸ்கூல் பேண்டுல முக்கோண மணியையே தப்பா அடிச்சவன்டா நீ. உன்கிட்ட சாவியா?"

"அதெல்லாம் பழைய கதை. இப்ப விஞ்ஞானம் பேசுது, பெரில்."

போட்டி தொடங்குமுன்பே வலப்பக்கத்தில் ஒரு மலை டேப்பைக் குத்திக்கொண்டு நின்றது.

"இன்னும் யாரும் வாயே திறக்கலையே. இது யாரு கத்துறது?" என்றாள் பெரில்.

"உன் ஸ்பீக்கர்தான், வேற யாரு?" கெய்த் குனிந்து, கனத்த ஒலியையும் கூர்மையான ஒலியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கிற ஈக்வலைசரில் அந்த இடத்தைக் கீழே இழுத்தான்.

முதலில் பாட வந்தவள் டல்சி ஃபார்க்கர். ஆட்டு மயிர் கத்தரிக்கும் கொட்டகைகளில் சமையல்காரி. அவள் பாட்டில் முக்கால்வாசி திட்டு. ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தால்தான் ருசி. கெய்த் இழுத்த இழுப்பில் சொற்களின் முனையெல்லாம் மழுங்கிப்போயிற்று.

"ஏய் கெய்த்! அந்தப் பொம்பள வாயில தலகாணியா திணிச்சிருக்க?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

மலை இறங்கவில்லை. கெய்த் இன்னும் இழுத்தான். டல்சி மீன் மாதிரி வாயை மட்டும் திறந்து மூடினாள். பெரிலுக்குக் காது மடல் சிவந்தது. எட்டி, மொத்தச் சத்தத்தையும் ஆளும் மாஸ்டரை அடிவரை இறக்கிவிட்டாள். கூடத்தில் ஒலிபெருக்கி என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை.

"இப்பப் பாரு! ஸ்பீக்கர் செத்துப்போச்சு. உன் மலை நிக்குதா இல்லையா?"

கெய்த் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தான். "நிக்குது. அவ்வளவு நுட்பமான மிஷின் இது."

பெரில் அவனை அடிக்கவில்லை. அடிப்பதற்குக் கையில் அகப்பட்டது அந்தக் கருவி ஒன்றுதான். அதற்கு ஊரார் காசு கொடுத்திருந்தார்கள். விடுவிடென்று வெளியே போனாள். ஜன்னலை ஒட்டி நின்ற யூகலிப்டஸ் மரத்தில் ஏறத்தாழ நாற்பதாயிரம் சில்வண்டுகள் கத்திக்கொண்டிருந்தன.

இருபத்தாறு வருடக் கோபத்தையும் அங்கேயே இறக்கினாள். கெய்த்தில் ஆரம்பித்து, அவன் அப்பாவைத் தொட்டு, கமிட்டியை வரிசையாகப் பெயர் சொல்லி அழைத்து, கடைசியில் வண்டுகளுக்கு வந்தாள். மரத்தின் பட்டை தானாக உரிந்து விழுந்தது. எதிர்வீட்டுப் பாதிரியார் கதவைச் சாத்திவிட்டு, மறந்துவிடக் கூடாதென்று இரண்டு வார்த்தைகளை எழுதி வைத்துக்கொண்டார். நாற்பதாயிரமும் கப்பென்று வாயடைத்தன. ஒன்று மட்டும் கொஞ்சம் தாமதமாக நிறுத்தியது. அதைத் தனியாகக் கவனித்தாள்.

உள்ளே மலை இருந்த இடத்தில் பள்ளம் விழுந்தது. கெய்த் பதறி, அதை நிரப்ப எல்லாவற்றையும் உச்சிக்கு ஏற்றினான். டல்சியின் மைக் வீலென்று கூவியது. முன்வரிசையில் மூவரின் பல்செட் விரிசல் விட்டது. ஒரு நாய் புறப்பட்டுப் போனது. செவ்வாய்க்கிழமை நாட்டின் வடகோடி டார்வினில் பார்த்ததாகத் தகவல்.

பெரில் ஓடிவந்து அவனைத் தள்ளிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நான்கு குமிழ்களைத் திருகினாள். டல்சியின் திட்டு ஒவ்வொன்றும் சுத்தமாக வந்து விழுந்தது. கூடம் எழுந்து நின்று கைதட்டியது.

பிறகு கமிட்டி கூடி, கடைசியில் மலை டேப்பைத் தாண்டாமல் நின்றது கருவியின் சாதனை என்று நான்குக்கு மூன்று ஓட்டில் முடிவு செய்தது.

பெரில் சாவியை மேசைமேல் எறிந்தாள். "வச்சுக்கங்க. நாளைக்கு அந்தப் பூச்சிங்க கத்துறப்போ மிஷினை விட்டுத் திட்டச் சொல்லுங்க."

அவள் வண்டியைக் கிளப்புவதற்குள் மரம் மறுபடி கத்த ஆரம்பித்தது. கெய்த் சாவியோடு பின்னாலேயே ஓடிவந்தான்.

"பெரில்! தாயே! ஒரே ஒரு வார்த்தை அதுங்ககிட்ட..."

"மிஷின் மூஞ்சி சுவத்தைப் பாத்து இருக்கணும்."

"இருக்கும்."

"உன் மூஞ்சியும்."

சாவியைப் பிடுங்கிக்கொண்டாள். கோபம் மட்டும் தணியவேயில்லை.

அன்று காலை எட்டு மணியிலிருந்து மறுநாள் மத்தியானம் வரை வாரங்கூலா முழுவதும் மின்சாரம் இல்லை. மிக்ஸரும் மிஷினும் எதில் ஓடின என்று பெரிலைக் கேட்க இன்றுவரை யாருக்கும் துணிவு வரவில்லை.