ஐந்தாம் நாள் எலிகள்

எலியைக் கொல்வது என் வேலை. பிள்ளையாரைக் கும்பிடுகிறவன் செய்யக்கூடிய வேலையா என்று கேட்காதீர்கள். கேட்டவர்கள் யாரும் எனக்கு வேறு வேலை வாங்கித் தரவில்லை.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயாவின் சுதந்திர நாளுக்கு, ஆறு வாரம் இருந்தது. மலாக்கா முழுவதும் விஷக் காய்ச்சல். காஜா பேராங்கில் எங்கள் வரிசை வீடுகளில் இருமல் கேட்காத வீடு கிடையாது. டாக்டர் மாணிக்கவாசகம் சாலையோரத்துப் பழைய பங்களாவில் கோழிமுட்டைக்குள் கிருமியை வளர்த்து, அதைக் கொன்று, தடுப்பூசி மருந்து தயாரித்துக்கொண்டிருந்தார். எலிகள் என் பொறுப்பு. இருபது எலிகளுக்கு மருந்து, பத்துக்கு வெறும் உப்புத் தண்ணீர். இரண்டு வாரம் கழித்து முப்பதின் மூக்கிலும் உயிருள்ள கிருமியைச் சொட்டுவோம். ஐந்தாம் நாள் கொன்று நுரையீரலைத் திறந்து பார்க்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது. ஈரல் மாதிரி கறுத்திருந்தால் இல்லை.

அந்த ஐந்தாம் நாள் சங்கடஹர சதுர்த்தியில் வந்து விழுந்தது. டாக்டர் காலையிலேயே சிரம்பானுக்குக் கிளம்பினார்.

"மத்தியானம் போன் பண்றேன் தியாகு. நுரையீரல் எப்படி இருக்குன்னு சொல்லு. நாளைக்கே ஊசி ஆரம்பிச்சிடலாம்."

மற்ற நாட்களில் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவேன். சதுர்த்தியன்று, விரதமும் விபூதியுமாக, பிள்ளையாரின் வாகனத்தை முப்பது தடவை கொல்ல எனக்குக் கை வரவில்லை. நாளைக்குக் கொன்றால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன். ஊசி போட்ட இருபதும் தின்றுகொண்டுதான் இருந்தன. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம் கிருத்திகைக்கு லீவு கேட்டதற்கு, "சாமியா உனக்குச் சம்பளம் கொடுக்குது?" என்று கேட்ட மனிதர் அவர். போன் அடித்தது.

"இருபதும் சுத்தமா இருக்குங்க ஐயா. மத்த பத்தும் கறுப்பு," என்றேன்.

மறுநாள் விடிந்ததும் கொன்றேன். முப்பதும் ஒரே கறுப்பு. எதற்கு மருந்து, எதற்கு உப்புத் தண்ணீர் என்று கூண்டுச் சீட்டைப் பார்த்தால்தான் தெரிந்தது. ஒரு நாள் பிந்தியதால் இப்படி ஆகியிருக்கும் என்று என்னை நானே ஏமாற்றப் பார்த்தேன், முடியவில்லை. டாக்டரிடம் சொல்ல ஓடினால், அதற்குள் வாசலில் வரிசை. முதல் ஆளாக ஊசி போட்டுக்கொண்டவள் என் மனைவி பூங்காவனம். கையில் பஞ்சை அழுத்தியபடி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். கோழை என்று திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் வாரம் அடுத்த வீட்டு சாரதாம்பாள் குடும்பத்தில் நான்கு பேரும் படுத்துவிட்டார்கள். பூங்காவனம் கஞ்சியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நீ போவாத," என்றேன்.

"ஏங்க? அங்க தண்ணி மொண்டு குடுக்கக்கூட ஆளில்ல. எனக்குத்தான் ஊசி போட்டாச்சே."

"ஊசி எல்லாருக்கும் வேலை செய்யும்னு சொல்ல முடியாது."

"நீங்கதானே எலிய அறுத்துப் பாத்தீங்க? அப்புறம் என்ன பயம்?"

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். வேலை போயிருக்கும், ஊர் காறித் துப்பியிருக்கும், அவள் வீட்டில் இருந்திருப்பாள்.

"மழை வருது, குடைய எடுத்துக்கோ," என்றேன்.

சாரதாம்பாள் வீட்டில் நால்வரும் எழுந்து உட்கார்ந்தார்கள். பூங்காவனம் படுத்தாள். ஐந்து நாளில் அவள் நகங்கள் நீலமாகிவிட்டன. பார்க்க வந்த பெண்களிடம் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்:

"ஊசி போட்டதாலதான் எனக்கு இந்த மட்டோட நிக்குது. புள்ளைங்கள கூட்டிட்டுப் போயி நீங்களும் போட்டுக்குங்க."

நான் கட்டிலோரம் எச்சில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் போன பிறகாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை எரித்தோம். இராப்பகலாக நோய் வீட்டிலேயே கிடந்தாள், எந்த மருந்துதான் தாங்கும் என்று ஊர் பேசிக்கொண்டது. திங்கட்கிழமை காலை பங்களா வாசலில் அந்தப் பெண்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். முன்னால் நின்ற மல்லிகாவின் இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை.

"அக்கா சொல்லிட்டுத்தான் போனாங்க, அண்ணே," என்றாள்.

கேட்டைத் திறந்துவிட்டேன்.