முதல் டிகாக்ஷன்

ஃபில்டரின் அடிப்பாத்திரத்தைக் கழற்றி, அதிலிருந்த டிகாக்ஷனில் பாதிக்கு மேல் ஒரு டம்ளரில் சாய்த்துக்கொண்டாள் வசுமதி. பிறகு மேல்பாத்திரத்துப் பொடியின் மீது இன்னொரு தரம் வெந்நீரை ஊற்றி மூடினாள். குறைந்தது நிறைந்துவிடும். நிறம்தான் நிறையாது. பாலைத் தொட அவளுக்குத் தைரியமில்லை. பால் கார்டுக்கு அளந்து கிடைக்கும் புட்டிப் பாலில் ஒரு விரல் குறைந்தாலும் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். நல்லவேளை, மேலே இருப்பவனுக்குப் பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்.

மேலே என்றால் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைக்கும் அறை. அண்ணன் கோபு அங்கேதான் இருந்தான். அப்பா அம்மாவைப் பொறுத்தவரை அவன் மெட்ராஸில் சித்தி வீட்டில் இருந்தான். அவனோடு ராத்திரியில் புரட்சிப் போஸ்டர் ஒட்டப் போன பையன்களில் ஒருவன் போலீஸ் குண்டு பட்டு ஏரிக்கரைப் புல்லில் குப்புறக் கிடந்த மறுநாள், அப்பாவே ஹௌராவுக்குக் கூட்டிப்போய் மெட்ராஸ் மெயிலில் ஏற்றிவிட்டு வந்தார். ஹௌராவைத் தாண்டியதுமே, சாந்த்ராகாச்சி யார்டில் வண்டி ஊர்ந்தபோது அவன் குதித்துத் திரும்பிவிட்டான். துணி உலர்த்தப் போன வசுமதி, தொட்டியின் நிழலில் அவனைப் பார்த்துக் கத்தப் போனபோது வாயைப் பொத்தினான்.

"அம்மாகிட்ட சொல்லாதேடி. பயந்தா மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். அப்பாவுக்கோ வாய் நிக்காது."

சித்தியிடமிருந்து ஒரு கார்டு வந்தால் போதும், எல்லாம் உடைந்துவிடும். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் அவளே முதலில் வாசலுக்கு ஓடினாள்.

காலேஜ் ஸ்ட்ரீட் காபிக்கடையில் அவன் கற்றுக்கொண்டு வந்த பழக்கம் இந்தப் பால் விடாத காபி. அங்கே அதற்கு இன்ஃப்யூஷன் என்று பேர். முதல்முறை வீட்டில் கேட்டபோது அம்மா, "ஏண்டா, நம்மாத்துல பாலுக்கா பஞ்சம்? கஷாயம் மாதிரி குடிக்கறியே" என்றாள். ஒரு நாள் வசுமதியைக் கரியாஹாட் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய், புதிதாக வந்திருந்த மெஷின் காபி வாங்கிக் கொடுத்தான். மெஷின் புஸ்ஸென்று சீறிப் பாலை நுரையாகப் பொங்கவைத்தது. மேலே சாக்லேட் பொடி தூவினார்கள். மூக்கில் நுரை ஒட்டிக்கொள்ள அவள் குடித்ததைப் பார்த்து அவன் சிரித்தான். "இதுக்கு எஸ்பிரஸ்ஸோன்னு பேராம். நெஜ எஸ்பிரஸ்ஸோல பாலே கெடையாதுடி அசடு. சுண்டக்காய் அளவு கப்பு, உள்ள கன்னங்கரேல்னு ஒரு வாய், அவ்வளவுதான்." எதைச் சொன்னாலும் அவனுக்குத் தெரிந்த மாதிரியே இருக்கும். அப்போது அவனுக்குப் பயம் என்பதே கிடையாது என்று நினைத்திருந்தாள்.

இன்று டம்ளரை வாங்கியவன் குடிக்காமல் கைப்பிடிச் சுவரோரம் குனிந்து தெருவைப் பார்த்தான். தாவணியில் மறைத்துக்கொண்டு வந்ததால் சூடு போகவில்லை. தெருமுனையில் ஒரு ஜீப் நிற்பதாகச் சொன்னான்.

"பால் வண்டியா இருக்கும்ணா."

"சாயங்காலத்துல என்னடி பால் வண்டி? நீ போ. சத்தம் கேட்டா அடுத்த மாடிக்குத் தாண்டிடுவேன்."

அவள் இறங்கி வந்து செருப்பை விடுவதற்குள் கதவு தட்டப்பட்டது.

கட்டம்போட்ட ஸ்வெட்டர் அணிந்த ஒருவர். காலேஜிலிருந்து வருவதாகச் சொன்னார். கூட வந்தவன் உள்ளே வராமல் மாடிப்படி ஓரத்திலேயே நின்றான். இருவர் காலிலும் ஒரே மாதிரி செம்பழுப்பு பூட்ஸ். அப்பாவும் அதைப் பார்த்துவிட்டார் என்பது அவருக்குப் பேச்சு பெருகியதிலேயே தெரிந்தது. பயம் வந்தால் அவர் அப்படித்தான். மெட்ராஸ், மைத்துனி வீடு, சீதோஷ்ணம், தன் துறைமுக ஆபீஸ் என்று ஆங்கிலமும் வங்காளமுமாகக் கொட்டினார். யார் வீட்டுப்படி ஏறினாலும் காபி கொடுக்காமல் அனுப்பி அம்மாவுக்குப் பழக்கமில்லை. வந்தவருக்கும் அப்பாவுக்கும் டம்ளரும் டவராவுமாகக் கொண்டுவந்து வைத்தாள்.

"மாஷிமா, பிரமாதம். கரியாஹாட் எஸ்பிரஸ்ஸோ மாதிரியே இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார் வந்தவர்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். துப்பாக்கியைக் காட்டியிருந்தாலும் இதற்குப் பதில் சொல்லாமல் அவரால் இருந்திருக்க முடியாது.

"அதோட இதைச் சேக்காதீங்கோ சார். அது வெறும் நுரை. ஆவியை விட்டுப் பாலைப் பொங்கவெச்சு ஏமாத்தற வேலை. இது சொட்டுச் சொட்டா தானா எறங்கணும். மொதல் டிகாக்ஷன்ல கலந்தா அந்த நெறமே வேற. இதைப் பாருங்கோ, வெளுத்துக் கெடக்கு. கொஞ்ச நாளாவே என் பொண்ணு எனக்கு ரெண்டாம் டிகாக்ஷனைத்தான் குடுக்கறா. மொதலாவதை யார் குடிக்கறாளோ, அந்தப் பெருமாளுக்குத்தான் வெளிச்சம்!"

அவர் மட்டும் சிரித்தார்.

வந்தவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "உங்க பையன் இன்ஃப்யூஷன்தான் குடிப்பானாமே. காலேஜ் ஸ்ட்ரீட்ல எல்லாரும் சொல்றாங்க, பால் போடாத மதராஸின்னு." பேசியது அப்பாவிடம். பார்த்தது வசுமதியை. "மொட்டைமாடி திறந்திருக்கா, மா?"

அவள் வாய் திறக்கும் முன்பே அவர் எழுந்துவிட்டார்.

பூட்ஸ்கள் மேலே ஏறின. தலைக்கு நேர் மேலே நடந்தன. ஒரு நாற்காலி இழுபட்டது. "மாடியில என்னடி இருக்கு?" என்று அம்மா கேட்டாள். அப்பா தன் டம்ளருக்குள் பார்த்தார். அந்த வெளிறிய நிறத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார்.  

ஸ்வெட்டர்காரர் மட்டும் இறங்கி வந்தார். கையில் எவர்சில்வர் டம்ளர், அதில் பாதிக் காபி.

"இன்னும் சூடா இருக்கு" என்றார். "இதுல என்னவோ எழுதியிருக்கே, தமிழா? படிங்க."

அண்ணனின் பூணூல் கல்யாணத்துக்கு வாங்கிய டம்ளர். வீட்டிலுள்ள எல்லாப் பாத்திரங்களிலும்போல அதிலும் அம்மா பேர் வெட்டச் சொல்லியிருந்தாள். புள்ளி புள்ளியாகக் கோபு. இத்தனை நாளும் அந்த ஒரு டம்ளரைத்தான் கொண்டுபோக வேண்டும் என்று தோன்றியதே, ஏன் என்று வசுமதி இப்போதுதான் தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என் பேருதான் சார். நான்தான் மாடிக்குப் போயிருந்தேன், காத்தாட."

ஸ்வெட்டர்காரர் புள்ளிகளைக் கட்டைவிரலால் தடவினார். "ரங்கராஜன்னுதானே உங்க பேரு. அது இவ்வளவு சின்னதாவா?"

"ஆத்துல கூப்பிடற பேரு."

"ஓ, எங்களுக்கும் உண்டு. டாக் நாம்." டம்ளரை நீட்டினார். "அப்ப குடிச்சு முடிங்க. முதல் டிகாக்ஷனாச்சே."

அம்மா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். இரண்டு கரண்டி சர்க்கரை இல்லாமல் காபியைத் தொடாத அப்பா, டம்ளரை வாங்கி, எச்சில் பார்க்காமல் உதட்டில் வைத்துக் குடித்தார். தொண்டை முடிச்சு ஏறி இறங்கியது. முகத்தில் ஒன்றும் சுளிக்கவில்லை. சமையலறையில் ஃபில்டர் சொட்டும் சத்தம் கேட்டது.

காலி டம்ளரை அவர் கீழே வைக்கவில்லை. பேர் இருந்த பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே இரண்டாமவனின் பூட்ஸ், அடுத்த மாடியை ஒட்டிய சுவரை நோக்கி, அவசரமில்லாமல் நடந்துகொண்டிருந்தது.