கொழுப்பெடுத்தவள்

பொய் சொல்வது பெரிய காரியமில்லை. அதைக் கட்டிக் காக்கத்தான் தெம்பு வேண்டும். இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரைக்கும் வயிற்றை வெட்டித் தைத்துக்கொண்டு படுத்திருப்பவளுக்குத் தெம்பு எங்கிருந்து வரும்? இருந்தும் அவள் காத்தாள். நாத்தனாரிடம் சொன்ன பொய் அது. தனக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லியிருந்தாள். உண்மையில் நடந்தது, இரண்டு பிரசவத்தில் தளர்ந்து தொங்கிய தோலையும் கொழுப்பையும் அறுத்தெடுத்து மீதியை இழுத்துத் தைத்த ஆபரேஷன். அது கணவனுக்கு மட்டும் தெரியும்.

ஏன் ஹெர்னியா? நாத்தனாருக்கு முன்பு ஹெர்னியா ஆபரேஷன் ஆகியிருந்தது. தங்களுக்கு வந்த நோயை மனிதர்கள் மதிப்பார்கள் என்பது இவளுடைய கணக்கு. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்கிற முட்டாள்தனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

உண்மையைச் சொல்லாததற்கும் காரணம் இருந்தது. ஒருநாள் எல்லோரும் உட்கார்ந்து டிவி பார்த்தபோது இதே ஆபரேஷனுக்கு ஒரு விளம்பரம் வந்தது. "கொழுப்பெடுத்தவளுங்க" என்றாள் நாத்தனார். "உடம்புல கொழுப்பு இருந்தா நடந்து கரைக்கணும். மனசுல இருந்தாத்தான் கத்தியத் தேடிப் போவாளுங்க." எல்லோரும் சிரித்தார்கள். இவளும் வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்கிறவள். அன்று காலையில்தான் ஒரு வாடிக்கையாளர் அக்கறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு, "எத்தனாவது மாசம்மா?" என்று கேட்டிருந்தார். சின்னவன் அப்போது ரெண்டாம் வகுப்பில் இருந்தான். தொங்கும் மடிப்புக்கு அடியில் வியர்த்து வியர்த்துப் புண்ணானதும், அதற்கு மருந்து தடவிக்கொண்டு நின்றபடியே வியாபாரம் பார்த்ததும் யாருக்குத் தெரியும்?

தம்பி பெண்டாட்டிக்கு ஹெர்னியா என்று கேட்டதும் நாத்தனார் தபால் ஆபீஸில் லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினாள். தலை வாரிவிட்டாள், கஞ்சி ஊட்டினாள், கால் பிடித்துவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இவளிடம் முகம் கொடுத்துப் பேசாதவள், "நானும் பட்டவதானே, எனக்குத் தெரியாதா உன் வேதனை" என்று நெற்றியைத் தடவினாள். அந்தக் கை இவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதற்காகவே இன்னும் பயம் கூடியது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

பிரியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது முழுக்க ஹெர்னியாவுக்கான பிரியம். கொஞ்ச நாளைக்குக் குனிந்தே நட, முட்டிக்குக் கீழே தலையணை வைத்துப் படு, இறுக்குப் பெல்ட்டைக் கழற்றாதே என்று டாக்டர் இவளிடம் சொல்லியிருந்தார். நாத்தனாருக்கு அவளுடைய டாக்டர் சொன்னதுதான் வேதம்.

"என்ன இது, கூன் விழுந்தவ மாதிரி? நான் மறுநாளே நிமிர்ந்துட்டேன்" என்று தோளைப் பிடித்து நிமிர்த்துவாள். அளவு சின்னதாகத் தைத்த சட்டை பிரிவதுபோல அடிவயிறு முழுக்க இழுக்கும். தலையணைகளை உருவி, "நீட்டிப் படு, அப்பத்தான் ரத்தம் ஓடும்" என்பாள். அவள் அடுப்படிக்குப் போனதும் இவள் கால்விரலாலேயே தலையணையைத் துழாவி இழுப்பாள்.

சாயங்காலமானால் வீக்கம் ஏறிவிடும். குளியலறையில் பெல்ட்டைத் தளர்த்திக் குனிந்து பார்த்தால், ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிடப் பெரிய வயிறு. இதற்கா இத்தனை பாடு என்று குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். காயத்திலிருந்து டியூப் வழியாக விலாவில் தொங்கும் குப்பியில் வந்து சேரும் ரத்தநீரைக் கணவன் கதவைச் சாத்திக்கொண்டு கொட்டிவிட்டு வருவான்.

"அக்காகிட்ட சொல்லிடலாம்" என்றான் ஒருநாள்.

"சொன்னா நான் செத்துருவேன்."

"சொல்லாமலே அப்படித்தானே கெடக்கிற."

மறுநாள் மத்தியானம் அவன் வேலைக்குப் போயிருந்தான், பிள்ளைகள் பள்ளியில். குனிந்து குனிந்து நடந்ததில் முதுகு விண்டுபோக, வலி மாத்திரையை விழுங்கிவிட்டுக் கண்ணயர்ந்தாள். விழித்தபோது பக்கத்தில் நாத்தனார் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.

"சுகமா இருக்கா?"

எது சுகமாக இருக்கிறது என்று இவளுக்குப் புரியவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தாள். பெல்ட் திறந்து கிடந்தது. தொப்புளுக்குக் கீழே, கட்டுக்கு மேலே, வெந்நீர்ப் பை.

"வீங்கிக் கெடந்துச்சு, பாக்கச் சகிக்கல. கட்டு வேற எவ்வளவு நீளம்! பாவம், உனக்குப் பெரிசாக் கிழிச்சிருக்காங்க. எனக்கு இதுதான் கேட்டுச்சு."

இவள் பையைத் தொட்டாள். கை வெடுக்கென்று திரும்பிவந்தது. அப்படிப்பட்ட சூடு. வயிற்றுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்தத் தோல் மரத்துப் போயிருக்கும், பல மாதத்துக்கு உணர்ச்சி வராது, சூடு மட்டும் காட்டிவிடாதே என்று டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லியிருந்தார். பையைத் தள்ளினாள். அடியில் தோல் கன்றிச் சிவந்திருந்தது. நடுவில் ஒரு கொப்புளம் பளபளவென்று எழும்பிக்கொண்டிருந்தது. யாருடைய வயிறோ வேகிறது, தான் வேடிக்கை பார்க்கிறோம் என்றிருந்தது அவளுக்கு.

கணவன் போனை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போட்டாள். நடந்ததை நர்ஸ் கேட்டுக்கொண்டாள். பிறகு, "தையல் போட்ட தோலுக்கு ரத்த ஓட்டமே கம்மி, அதுல போய்ச் சூடு வச்சிருக்கீங்க. உடனே வரணும். பக்கத்துல இருக்கறவங்ககிட்ட போனைக் குடுங்க, என்ன செய்யணும்னு சொல்றேன்" என்றாள்.

போனை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள். கொடுத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். கொடுக்காவிட்டால்? கொப்புளத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று கிளம்பியிருந்தது.

"எனக்குப் பாத்த நம்ம டாக்டர்கிட்டயே போயிடலாம், வா" என்றாள் நாத்தனார், பதறிப்போய்.

"அண்ணி, எனக்கு ஹெர்னியா இல்ல."

"பின்ன?"

"அன்னைக்கு டிவி பாத்துச் சொன்னீங்களே, கொழுப்பெடுத்தவளுங்கன்னு. நானும் அதுல ஒருத்தி."

நாத்தனார் அவளையே பார்த்தாள். பிறகு வெந்நீர்ப் பையைப் பார்த்தாள். கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். "சொல்லுங்கம்மா" என்றாள், வேறு யாருடைய குரலிலோ. சொன்னதையெல்லாம் செய்தாள். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துத் தையலில் படாமல் போட்டாள், ஆட்டோ பிடித்தாள், பள்ளத்துக்குப் பள்ளம் ஓட்டுநரைத் திட்டினாள். இவளிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

டாக்டர் மருந்து வைத்துக் கட்டினார். தோல் பிழைக்குமா, கருகி உதிருமா என்று இப்போது சொல்ல முடியாது, உதிர்ந்தால் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும் என்றார். "வெந்நீர்ப் பை யார் வச்சது?" என்று கேட்டார். "நான்தான்" என்று நாத்தனார் கையைத் தூக்கினாள், வகுப்பில் மாட்டிக்கொண்ட பிள்ளைபோல.

வீட்டுக்கு வந்தார்கள். இவள் கட்டிலில் சாய்ந்தாள். நாத்தனார் அலமாரி மேலே தூக்கிப் போட்டிருந்த தலையணைகளை எடுத்துவந்து, அணைத்துக்கொண்டே நின்றாள்.

"எப்படி வைக்கணும்?"

"முட்டிக்குக் கீழ ரெண்டு, அண்ணி. முதுகுக்கு ஒண்ணு."

வைத்தாள். சரிபார்த்தாள்.

"சொல்லியிருந்தா நான் திட்டியிருப்பேன். அவ்வளவுதானே? சுட்டிருக்க மாட்டேனே."

இவள் போர்வையை இழுத்துக் கட்டை மூடிக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"இல்ல அண்ணி." பழக்கத்தில் வந்துவிட்டது.

"இனிமேலாவது நெஜத்தச் சொல்லு."

"வலிக்குது அண்ணி. முதுகு வலிக்குது, தையல் வலிக்குது, சிரிச்சா வலிக்குது, இருமினா உயிரே போகுது. நீங்க சுட்ட எடம் ஒண்ணுதான் வலிக்கல."

நாத்தனார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் அழுதாள்.