ஆறாம் துளையில் வராத கல்

எனக்கு மூக்குக்கு மேல கோபம் வரும். இதை முதல்லயே சொல்லிடறேன், யாரோ சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டாம். மலைக்குள்ள என்ன பாறை இருக்குன்னு பார்த்துச் சொல்றதுதான் முப்பது வருஷமா என் வேலை. பாறை பொய் சொல்லாது, மனுஷங்கதான் சொல்லுவாங்கன்னு யார் கேட்டாலும் கேட்காட்டாலும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன். அந்தக் கோபத்தை ஒரு செத்த மனுஷன் மேல காட்டினேன். அதுவும் என் தங்கச்சி புருஷன் மேல.

மலையைக் குடைஞ்சு ரோடு போடற டனல்ல மாப்பிள்ளை ஃபோர்மேன். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தோண்டிக்கிட்டிருந்த இடத்துல கூரையிலிருந்து பொடி பொடியா உதிர்ந்திருக்கு. கூட இருந்த ஆறு பேரையும் வெளியே விரட்டிட்டு அவர் திரும்பறதுக்குள்ள கூரை மொத்தமா இறங்கிடுச்சு. உடம்பை எடுக்க மூணு நாள் ஆச்சு. வெளியே வந்த ஆறு பேரும் என் தங்கச்சி வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. 

அந்த இடத்துல பாறை கெட்டியா இருக்குன்னு எழுதிக் கொடுத்திருந்தது நான்.

எப்படி எழுதினேன்னு சொல்லணும். டனல் தோண்டறதுக்கு நாலு வருஷம் முன்னாடியே, மலை மேலேயிருந்து செங்குத்தா இருபத்து மூணு துளை போட்டோம். துளை போடற மிஷின், வாழைத்தண்டு மாதிரி உருளை உருளையா கல்லை வெளியே எடுக்கும். அதுக்குப் பேரு கோர். அதை எடுத்த வரிசை மாறாம பெட்டியில அடுக்கி, எத்தனை மீட்டர் ஆழம்னு எழுதி, நான் பார்க்கறதுக்காக ஷெட்டுக்கு அனுப்புவாங்க. ஏதோ ஒரு ஆழத்துல பாறை நொறுங்கிக் கிடந்தா கல்லு மேல வராது, தண்ணியோட கரைஞ்சு போயிடும். அப்போ மிஷினை ஓட்டற டிரில்லர் அந்த இடத்துல ஒரு மரக்கட்டையை வெச்சு, இங்கிருந்து இதுவரைக்கும் கல்லு வரலன்னு அது மேல எழுதணும். பெட்டியிலேயே முக்கியமான விஷயம் அந்தக் கட்டைதான். கல்லு இருக்கிற இடத்துல ஆபத்து கிடையாது, இல்லாத இடத்துலதான் ஆபத்து.

கூரை விழுந்த இடத்துக்கு நேர் மேலே இருக்கிறது ஆறாம் நம்பர் துளை. அதைப் போட்ட டிரில்லர் மாப்பிள்ளையேதான். அப்போ அவர் ஃபோர்மேன் ஆகல.

காரியமெல்லாம் முடிஞ்ச கையோட நான் ஷெட்டுக்குப் போனேன். தகரக் கூரை, நீள நீளமா இரும்பு அலமாரி, தரையெல்லாம் கல் தூசு. ஆறாம் நம்பர் பெட்டிகளை இறக்கி வரிசையா வெச்சேன். டனல் கூரை வர்ற ஆழம் எண்பத்தெட்டு மீட்டர், அங்கே கல்லு தொடர்ச்சியா இருக்கு. கட்டையும் இல்ல, இடைவெளியும் இல்ல. அடுத்து, மலைச்சரிவுல எடுத்த அதிர்வு அளவைப் பிரிச்சேன். தரையில வரிசையா கருவி நட்டு, ஒரு கோடியில இரும்புத் தகட்டைச் சம்மட்டியால அடிப்போம். கெட்டிப் பாறைன்னா அதிர்வு சீக்கிரம் போய்ச் சேரும், நொறுங்கினதுன்னா தாமதமாகும். ஆறாம் துளைகிட்ட தாமதமாத்தான் வந்திருக்கு. அந்தத் தாமதத்துக்குக் காரணம் சொல்லி, பக்கத்துல என் கையெழுத்துலயே ஒரு குறிப்பு: ‘மேல்மண் ஈரம். கோர் நன்றாக உள்ளது.’

நியாயம்தானே? கல்லே கைக்கு வந்தாச்சு, அப்புறம் அதிர்வை யார் நம்புவா? ஆனா கூரை விழுந்தாச்சே, அப்படின்னா கல்லு பொய்யா அடுக்கப்பட்டிருக்குன்னு அர்த்தம். கல்லு வரலன்னா டிரில்லருக்கு மரியாதைக் குறைச்சல். அதனால சில பேர் கட்டை வைக்காம, மேலக் கல்லையும் கீழக் கல்லையும் ஒட்டி வெச்சுப் பெட்டியை அழகாக்கி அனுப்புவாங்க. நான் பார்க்காததா? அன்னாடம் எழுதற தாளையும் எடுத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை கையெழுத்து. எண்பத்தெட்டுலயும் கல்லு முழுசா வந்ததா எழுதியிருக்கார்.

எனக்குத் தலைக்கு மேல ஏறிடுச்சு. இவர் பெட்டியை ஜோடிச்ச ஜோடனையில இவரே போய் மாட்டிக்கிட்டார், என் தங்கச்சியை நட்டாத்துல விட்டுட்டார்னு அந்த ஆளில்லாத ஷெட்டுல நின்னு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் கணக்கு எப்பவும் அந்த லட்சணம்தான். ஒரு தடவை மிஷின் ராடை எண்ணத் தெரியாம ஒண்ணு கூட எண்ணி, மூணு மீட்டர் ஆழத்தைச் சேர்த்து எழுதிட்டார். துளைக்குள்ள ஒண்ணோட ஒண்ணு மாட்டி இறக்கற இரும்புக் குழாய்தான் ராடு, ஒண்ணு மூணு மீட்டர் நீளம், அதை எண்ணித்தான் ஆழத்தைச் சொல்லுவாங்க. நான் கண்டுபிடிச்சு அன்னிக்கு எல்லார் முன்னாடியும் ‘மூணு மீட்டர் மாப்பிள்ளை’ன்னு பேர் வெச்சேன். மச்சான் கேலி பண்ணா மாப்பிள்ளை பொறுத்துக்கத்தானே வேணும். பேரு ஒட்டிக்கிச்சு. டனல்ல வேலை பார்க்கறவங்க கூட அப்படித்தான் கூப்பிட்டாங்க. அவரும் சிரிச்சுக்கிட்டே திரும்பிப் பார்ப்பார்.

கோபத்தோட போய் சீஃப் இஞ்சினியர்கிட்ட சொல்லிட்டேன், டிரில்லர் மறைச்சிருக்கார்னு. அவர் முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சது. தப்பு பண்ணவர் செத்துப்போனவர்னா எல்லாருக்கும் சௌகரியம்.

இது என் தங்கச்சி காதுக்குப் போக ரெண்டு நாள் கூட ஆகல. விசாரணை வெள்ளிக்கிழமைன்னு முடிவாகியிருந்தது, புதன்கிழமை காலையில அவ ஷெட்டுக்கு வந்துட்டா. ஸ்கூல் யூனிஃபார்ம்ல மகளையும் கூட்டிக்கிட்டு வந்திருந்தா. மகளை வாசல்கிட்ட உட்கார வெச்சுட்டு உள்ளே வந்தா. ஆள் பாதியாயிட்டா. அழுவா, சண்டை போடுவான்னு நினைச்சேன். ஒண்ணும் பண்ணல. கைப்பையிலிருந்து மாப்பிள்ளையோட பழைய ஃபோனை எடுத்தா.

துளை போட்ட காலத்துல, பெட்டியை ஷெட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் அவர் படம் எடுத்து வெச்சிருக்காராம். மச்சான் கண்ணாடியை மறந்துட்டு வந்து என் மேல பாய்வார், ஒரு சாட்சி இருக்கட்டும்னு வீட்டுல சொல்லுவாராம். அவளுக்கு இந்தக் கல்லைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நூத்துக்கணக்குல படம் இருக்கு.

“அவர் மறைச்சாரா இல்லையான்னு மட்டும் பார்த்துச் சொல்லுண்ணா,”னு சொன்னா. “நீ சொன்னா நான் நம்பறேன். பொண்ணு வளர்ந்து கேட்டா நான் ஏதாவது சொல்லணுமில்ல.”

நின்னபடியே ஒவ்வொரு படமா தள்ளினேன். ஆறாம் நம்பர், பதினஞ்சாவது பெட்டி. வெயில்ல எடுத்த படம், பளிச்சுன்னு இருந்தது. கல்லு வரிசைக்கு நடுவுல ஒரு மரக்கட்டை. அது மேல பென்சில்ல, குழந்தை மாதிரி உருண்டை எழுத்துல: ‘88 முதல் 91. வரவில்லை.’

எண்பத்தெட்டுலேர்ந்து தொண்ணூத்தொண்ணு. மூணு மீட்டர்.

 அந்த நாள் அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சு. இதே ஷெட்டு. நான் அந்தக் கட்டையை எடுத்துட்டு, மேலக் கல்லோட கீழ் முனையையும், கீழக் கல்லோட மேல் முனையையும் சேர்த்து வெச்சுப் பார்க்கறேன். எங்க தொழில்ல எல்லாரும் பண்றதுதான், உடைஞ்ச முனை பொருந்துதான்னு பார்க்கிறது. கச்சிதமா பொருந்துச்சு. பொருந்தினா நடுவுல ஒண்ணும் காணாமப் போகல, டிரில்லர் ஒரு ராடு கூட எண்ணிட்டார்னு அர்த்தம். ஒரு ராடும் மூணு மீட்டர், கட்டையில எழுதியிருந்ததும் மூணு மீட்டர். அவ்வளவுதான், தீர்ப்பு சொல்லிட்டேன். கட்டையைத் தூக்கி மூலையில போட்டேன். தாளையும் அவரையே திருத்தி எழுத வெச்சேன். அந்தப் பட்டப்பேரை வெச்சதும் அன்னிக்குத்தான்.

அந்த மலையில இருக்கிறது அடுக்குப் பாறை. எங்கே உடைஞ்சாலும் ஒரே சாய்வுலதான் உடையும். எந்த முனையை எந்த முனையோட வெச்சாலும் பொருந்தும். இது முதல் வருஷம் படிக்கிற பாடம். நான் இதைச் சொல்லிக்கொடுத்து எத்தனை பேரைத் திட்டியிருக்கேன் தெரியுமா?

தங்கச்சி என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? படம் தெளிவா இல்லம்மா, பெரிசு பண்ணிப் பார்க்கணும்னேன். அவளும் சரின்னா. ஃபோனை என்கிட்டயே கொடுத்துட்டு, ஸ்கூலுக்கு நேரமாச்சுன்னு மகளைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. அவ நம்பிக்கையா கொடுத்துட்டுப் போனதைக் கையில வெச்சுக்கிட்டு நான் அரைமணி நேரம் ஒரு பெட்டி மேல உட்கார்ந்திருந்தேன். என்னை மாதிரி ஒரு ஈனப்பயல் உண்டா?

ரெண்டு நாளும் என் மனசு எனக்கே வக்கீல் வேலை பார்த்துச்சு. படத்துல என்ன இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு விரலால தட்டினா அழிஞ்சுடும். தாளுல அவர் கையெழுத்துதான் இருக்கு. செத்தவருக்கு இனி என்ன வரப்போகுது? எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. நான் சொன்னதை நம்பி எத்தனையோ பாலம், எத்தனையோ அணை நிக்குது. இப்படியெல்லாம் நினைச்சேன். சோறு இறங்கல. பல்லு வலின்னு வீட்டுல ஒரு பொய் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை ஆபீஸ் மாடியில நடந்துச்சு. நீள மேஜை, மேலே மின்விசிறி கடகடன்னு ஓடிக்கிட்டிருந்தது. விசாரணை அதிகாரி ஒரு அம்மா, சத்தமே போடாம கேள்வி கேட்கறவங்க. பின்னாடி நாற்காலியில டனல்ல இருந்து தப்பிச்ச ஆறு பேரும், அவங்க பக்கத்துல என் தங்கச்சியும். முதல்ல சீஃப் இஞ்சினியர் பேசினார். டிரில்லர் பெட்டியில கல்லு வராததை மறைச்சிருக்கார், இதை நம்ம மூத்த நிபுணரே சொல்லியிருக்கார்னு என்னைக் காட்டினார். ஆறு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அவங்க உயிரைக் காப்பாத்தினவரைப் பத்தி இதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. தங்கச்சி மட்டும் குனியல. நான் என்ன சொல்லப்போறேன்னு பார்த்துக்கிட்டிருந்தா.

நான் எழுந்தேன்.  ஃபோனை அந்த அம்மா முன்னாடி வெச்சேன்.

“டிரில்லர் சரியாத்தான் செஞ்சார். கட்டை வெச்சிருந்தார், ஆழம் எழுதியிருந்தார். அதை எடுத்துப் போட்டது நான். தாளையும் நான்தான் மாத்தி எழுத வெச்சேன். அதிர்வு அளவும் என்னை எச்சரிச்சுச்சு, நான் கேட்கல.”

 அந்த அம்மா படத்தை ரொம்ப நேரம் பார்த்தாங்க. டிரில்லர் அப்போ ஆட்சேபம் சொன்னாரான்னு கேட்டாங்க. சொன்னார்னேன். ஒரே ஒரு தடவை. ராடை ரெண்டு தடவை எண்ணினேன் மச்சான், கீழே மிஷின் சும்மா இறங்கிச்சு, கல்லே இல்லன்னார். நான் சிரிச்சேன், சுத்தி நின்னவங்களும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அவர் அதைப் பேசவே இல்லைன்னேன். அவருக்கு நீங்க என்ன உறவுன்னு கேட்டாங்க. மச்சான்னு சொல்ல வாய் வரல. அவர் சம்சாரம் என் கூடப்பிறந்த தங்கச்சின்னு சொன்னேன். எல்லாத்தையும் எழுதி வாங்கிக்கிட்டாங்க. என் வேலை என்ன ஆகும்னு யாரும் அப்போ சொல்லல, நானும் கேட்கல.

வெளியே தாழ்வாரத்துல தங்கச்சி சுவரோரமா நின்னுக்கிட்டிருந்தா. அடிக்கட்டும், காறித் துப்பட்டும்னு நினைச்சுக்கிட்டே கிட்டப் போனேன். அன்னிக்கு ஷெட்டுலயே தெரிஞ்சுதான்னு கேட்டா. ஆமான்னேன். தலையை ஆட்டினா. 

“அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில அவர் கிளம்பவே இல்லண்ணா,”னு சொன்னா. “ஷூவை மாட்டிக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ரெண்டு நாளா பாறையைத் தட்டினா சத்தம் பொத்துன்னு கேக்குது, எனக்குப் பிடிக்கலன்னார். வேலையை நிறுத்தச் சொல்லலாமான்னு என்னைக் கேட்டார். நான்தான், எங்கண்ணன் கையால பார்த்துச் சொன்ன கல்லு, உங்களுக்கு எண்ணவே தெரியாது, போய்ட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பி வெச்சேன்.”

நான் அவ கையைப் பிடிக்கப் போனேன். அவ கையை இழுத்துக்கல, கொடுக்கவும் இல்ல. மகளை ஸ்கூல்லேர்ந்து கூட்டிக்கிட்டு வரணும்னு சொல்லிட்டுப் படியிறங்கிப் போனா.