சூளைக்குப் போன இங்கிலீஷ்

உலகத் தமிழர் அனைவருக்கும், குறிப்பாக விருத்தாசலம் பாலக்கரையில் பஸ்ஸுக்குக் கால்கடுக்க நிற்கும் பெருமக்களுக்கும், இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: பீங்கான் தொழிற்பேட்டை ஆதிநாராயணன் மகள் இனியா, வயது பத்தொன்பது, ஆங்கில மொழியைச் சொல்வளம், பத்தி படித்துப் பொருள் உணர்தல் என்னும் இரண்டு வாசல்கள் வழியாகவும் ஒரே நேரத்தில் முற்றுகையிட்டு வெல்வதென்று முடிவு செய்துவிட்டாள். மத்தியப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வு மே மாதம். ஆங்கிலத்துக்கு முறைப்படி தகவல் அனுப்பப்படவில்லை.

முந்தின வருடம் ஆங்கிலம்தான் அவளை முற்றுகையிட்டது. மற்ற பாடங்களில் தேறி, ஆங்கிலத்தில் குப்புற விழுந்தாள். ஐதராபாத்துக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்ற கனவு விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவளோடு படித்தவர்கள் ஊரைக் காலி செய்துவிட்டார்கள். உயிர்த்தோழி காவியா கோயம்புத்தூருக்குப் போனாள். முதல் மாதம் தினமும் போன் பேசினாள். அடுத்த மாதம் செய்தி அனுப்பினாள். அதற்கடுத்து, இனியா எதை எழுதினாலும் ஒரு கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த ஒரு வருசந்தான்" என்றிருந்தார் ஆதிநாராயணன். "இதுலயும் வரலன்னா நம்மூரு காலேஜு. அதுக்கு மேல பேச்சு கெடயாது."

அம்மா கண்ணம்மாள் தன் பங்குக்கு மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்ப் பிராது கட்டிவிட்டு வந்தாள். திருட்டு, வரப்புத் தகராறு, கைமாற்று வாங்கி ஏமாற்றியவன் என்று எதுவானாலும் மனுவாக எழுதிக் கட்டிவிட்டால் அங்கே இருக்கும் முருகன் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார். கண்ணம்மாளின் மனுவில் எதிராளி பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'இங்கிலீஷ்' என்று இருந்தது. முகவரிக்கான இடத்தைக் காலியாக விட்டிருந்தாள்.

இனியாவுக்கு ஆசிரியர் என்று ஒருவர் செல்போனுக்குள் இருந்தார். வடக்கே எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, சுழல்நாற்காலியில் ஆடியபடி பாடம் நடத்துவார். எல்லா வீடியோவிலும் முதலில் சொல்வது ஒன்றுதான்: "தனியாகப் படிக்காதீர்கள். துணை ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொல்லைச் சொல்ல, மற்றவர் பொருளைச் சொல்ல வேண்டும்." துணைக்கு ஆள் எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் அவர் எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. அது ஒருவேளை பணம் கட்டிப் பார்க்கும் பகுதியில் இருந்திருக்கலாம்.

ஆகவே அவள் குவளைகளைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டாள்.

ஆதிநாராயணனுடையது சின்னக் கொட்டகை. டீக் குவளை, ஊறுகாய் ஜாடி, சமயத்தில் கொலு பொம்மை. அச்சில் வார்த்த குவளை காய்ந்ததும் ஒருமுறை சூளைக்குப் போகும். வெளியே வரும்போது சொரசொரவென்று வெளுத்திருக்கும். அதற்கு பிஸ்கட் என்று பெயர். அப்புறம் கிளேஸ் கரைசலில் முக்கி மறுபடி சுட்டால்தான் பளபளப்பு வரும். பிஸ்கட்டின் மேல் பென்சிலால் என்ன எழுதினாலும் இரண்டாவது சூட்டில் எரிந்து காணாமல் போய்விடும். அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

பிஸ்கட் குவளை ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு ஆங்கிலச் சொல்லை எழுதி அலமாரியில் அடுக்குவாள். மறுநாள் ஒன்றை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துப் பொருள் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் அந்தக் குவளை கிளேஸுக்குப் போகலாம். தவறினால் அது அலமாரியிலேயே உட்கார்ந்து அவளை முறைத்துக்கொண்டிருக்கும். சப்பென்று இருப்பது என்று பொருள்படும் 'இன்சிப்பிட்' பல நாள் முறைத்தது. 'கேரலஸ்' ஒரு வாரம் நகரவில்லை. 'ஃபர்லார்ன்' என்ற சொல்லுக்கு மட்டும் அவள் யோசிக்கவே வேண்டியிருந்ததில்லை. நாதியற்றுத் தனித்துக் கிடப்பது என்று பார்த்த மாத்திரத்தில் வாய் சொல்லிவிடும்.

பத்திகளைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பென்குவின்களைப் பற்றி ஒரு பத்தி, தேனீக்களின் சமூக வாழ்க்கையைப் பற்றி ஒரு பத்தி. கீழே, 'ஆசிரியரின் தொனி யாது?' என்று கேள்வி. பென்குவின்கள் கூட்டம் கூட்டமாக வாழ்ந்தன. தேனீக்களும் அப்படியே. இந்தப் பத்திகளில் தனியாக இருந்தது அவற்றைப் படித்துக்கொண்டிருந்தவள் மட்டுந்தான்.

இப்படி இருக்கையில், மார்ச் மாதத்தில், கல்விச்சுடர் தங்கதுரை ஒரு விழா எடுத்தார். மனை விற்று முன்னுக்கு வந்தவர். அவர் கல்விக்குச் செய்த தொண்டு என்னவென்று கேட்டால், பிளக்ஸில் தம் படத்துக்குப் பக்கத்தில் திறந்த புத்தகம் ஒன்றைப் போட்டுக்கொண்டார். 'மாபெரும் கல்வி எழுச்சித் திருவிழா'வுக்கு வரும் பெரிய மனிதர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு வெள்ளைக் குவளை தருவதாக ஏற்பாடு. வேலை ஆதிநாராயணனுக்கு வந்தது.

விழாவுக்கு முதல்நாள் சூளையைத் திறந்தவர் ஒரு குவளையைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அது போகவில்லை.

"ஏ இனியா! இங்க வா. என்னாது இது?"

கொட்டை கொட்டையாக நீல எழுத்தில், கிளேஸுக்கு அடியில், இனி எந்த யுகத்திலும் அழியாதபடி இருந்தது சொல். அடுத்த குவளையிலும் இருந்தது. ஒரு தட்டு முழுக்க இருந்தது.

"பென்சில்லதாம்ப்பா எழுதுனன்."

"எந்தப் பென்சிலு?"

"என்னுது தேஞ்சி போச்சி. ஒங்க மேசை மேல கருப்பா ஒண்ணு கெடந்துது..."

ஆதிநாராயணன் தலையில் கை வைத்துக்கொண்டார். அது குறி போடுவதற்காக அவர் புதிதாக வாங்கிய சாயப் பென்சில். எழுதும்போது சாதாரணப் பென்சிலைப் போலத்தான் கருப்பாக இருக்கும். நெருப்புப் பட்டால் நீலமாக மாறி நிலைத்துவிடும்.

"அடியே, நாளைக்கிக் காலைல விழா! புதுசா சுட எங்கடி நேரம்? தெனம் ஒம் பாட்டுக்குக் கோப்பையோட பேசிக்கினு இருக்கியேன்னு பாத்தன். ஊரையே கோப்பையோட பேச வெச்சிட்டியே! இந்தா, சொல்றன் கேட்டுக்க. எவனாவது ஒருத்தன் இதப் படிச்சிட்டு சிரிச்சான்னு வையி, அன்னியோட ஒன் இங்கிலீசுக்குத் தலமுழுக்கு. பரீட்சையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

பத்தியின் தொனி யாது என்று இனியாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பாள்.

எழுத்துள்ள குவளைகளைப் பெட்டியின் அடியில் வைத்து, வெறும் குவளைகளை மேலே அடுக்கினார் ஆதிநாராயணன். ஆனால் பெட்டியைத் தலைகீழாகத் திறப்பது மேடை ஏற்பாட்டாளர்களின் பிறவிக் குணம். மறுநாள் மண்டபத்தின் கடைசி வரிசையில், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இனியாவின் கண்ணெதிரே, ஒன்றன்பின் ஒன்றாக அவளுடைய சொற்கள் மேடையேறின.

பொய்யே பிழைப்பாகக் கொண்டவன் என்று பொருள்படும் சொல் ஒரு வக்கீலுக்குப் போயிற்று. அவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஓயாத வாயாடி என்று பொருள்படும் கேரலஸ் வாழ்த்துரை வழங்க வந்தவருக்குப் போயிற்று. அவர் வாழ்த்துரையைத் தொடர்ந்தார். ஃபர்லார்ன் மங்கலம்பேட்டை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கைக்குப் போனது. கடைசியாகக் கல்விச்சுடர் தாமே ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். 'பாம்பஸ்' என்று இருந்தது. வெற்றுப் பந்தாக்காரன் என்று பொருள்.

"பாருங்க!" என்றார் மைக்கில். "நம்ம ஊரு பீங்கான்ல இங்கிலீசு! இந்த வார்த்தைய மாணவச் செல்வங்க மனசுல பதிய வெச்சிக்கணும். பாம்பஸ்! நான் ஒரே நாள்ல இப்பிடி ஆயிடல. ஒழச்சி ஆனன். நீங்களும் ஒரு நாளு இப்பிடி ஆகணும்!"

கைதட்டல் மண்டபத்தின் தகரக் கூரையை அசைத்தது.

இனியா கைகளை இறுக்கிக் கோத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தாள். யாரும் சிரித்துவிடக் கூடாது என்று வேண்டியபடிதான் பார்க்க ஆரம்பித்தாள். முன்வரிசையில் ஆசிரியர்கள் இருந்தார்கள், பேங்க்காரர்கள் இருந்தார்கள். கையில் போன் இல்லாத ஆள் இல்லை. அர்த்தம் தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்களோ, தெரியாதவர்கள் தெரிந்தமாதிரி தலையாட்டினார்களோ, எப்படியோ ஒரு முகத்திலும் சிரிப்பின் கீற்றுகூட இல்லை. பாதி மண்டபம் பார்த்து முடித்தபோது அவள் வேண்டுதல் அவளுக்குத் தெரியாமலே மாறிவிட்டிருந்தது. ஒருத்தர் சிரித்தால் போதும். பரீட்சை போனாலும் போகட்டும். இந்த ஊரில் ஒரே ஒரு ஆள் அதைப் படித்துவிட்டுச் சிரித்தால், எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம்.

யாரும் சிரிக்கவில்லை.

"தப்பிச்சோம்டி" என்றார் அப்பா, மேல்துண்டால் முகத்தைத் துடைத்தபடி. "நீ பரீட்ச எழுது."

அவள் தலையாட்டினாள். சாப்பாட்டு வரிசையில் பேங்க்கில் வேலை செய்யும் பூங்கோதை என்ற அம்மாள் ஒருத்தி, கையில் குவளையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு இவளைத் தேடி வந்தாள். இன்சிப்பிட். இனியா வரிசையை விட்டு இரண்டு எட்டு முன்னே வந்தாள்.

"இத எழுதுன பொண்ணு நீதானா?"

"ஆமாங்க."

"ஒண்ணு கேக்கணும்னு நெனச்சன். இதுக்கு மூடி வருமா?"

"வராதுங்க" என்றாள் இனியா.

தேர்வை எழுதினாள். தேறினாள். ஐதராபாத் கிடைக்கவில்லை, இடம் திருவாரூரில் கிடைத்தது. கண்ணம்மாள் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டாள். இனியா பெட்டியோடு விடுதிக்குப் போனாள். நாகாலாந்திலிருந்தோ ராஜஸ்தானிலிருந்தோ அறைத்தோழி வருவாள், இங்கிலீஷில் பேசித் தீர்க்கலாம் என்று முதல் வாக்கியத்தை நாலைந்து முறை சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

"எந்த ஊரு நீ?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள் அறைத்தோழி. பெயர் நஸ்ரின்.

"விருத்தாசலம்."

"அட! நான் மங்கலம்பேட்ட! பஸ்ஸு ஏறுனா தோ வந்துரும்."

அவளும் ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து படித்தவள்தான். அதே சுழல்நாற்காலி ஆசிரியர். அதே பென்குவின். "தொணைக்கு ஆள் வெச்சிப் படிங்கன்னு உசுர எடுப்பாரே! எங்க வூட்ல ஒரு ஆடுதான் இருந்துது. அதுங்கிட்டதான் சொல்லுவன். பக்ரீத்துக்கு அதுவும் போயிட்டு" என்றாள். இனியா சிரித்தாள். இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தார்கள். குவளைகளைப் பற்றியும் சொல்லலாம் என்று இனியா வாயெடுத்தபோது, நஸ்ரின் பையிலிருந்து வெள்ளைக் குவளை ஒன்றை எடுத்து ஜன்னலில் வைத்து, அதில் பல் விளக்கும் பிரஷ்ஷைச் செருகினாள். நீல எழுத்து இந்தப் பக்கம் பார்த்து நின்றது.

"இது ஏது?"

"எங்கத்தா ஜவுளிக்கட வெச்சிருக்காரு. அவருக்கு ஏதோ விழாவுல குடுத்தாங்களாம்."

"எழுதியிருக்கிறதப் பாத்தியா?"

"ஃபர்லார்ன். கம்பெனி பேரு."

"கம்பெனி இல்ல. வார்த்த. நீ படிக்கலியா?"

"ஏ, பி, சின்னு வரிசையாப் படிச்சன். ஈ முடியறதுக்குள்ள பரீட்ச வந்துட்டு." நஸ்ரின் குவளையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இனியாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். "சரி, சொல்லேன். இதுக்கு என்னா அர்த்தம்?"

ஒரு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. இனியா நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

அர்த்தம் மறந்துபோயிருந்தது.