திருப்பிப் பிடித்த வரைபடம்

1

பழைய கட்டடங்களைப் பற்றிச் சின்னச் சின்னக் கையேடுகள் எழுதுவது என் பிழைப்பு. ஒரு சிற்றூரின் மன்றக் கட்டடத்தை மரபுப் பட்டியலில் சேர்க்கலாமா என்று பார்க்கிறார்கள், அதற்கு ஒரு கையேடு வேண்டும் என்று மரபுத் துறை என்னை அனுப்பியது. எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் கையேட்டுக்குள் போகக் கூடாத விஷயம் ஒன்று மிஞ்சிவிட்டது. அதைத்தான் கதை என்ற பெயரில் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

நூற்றுப் பத்து ஆண்டுகளாகக் கம்பீரமாக நிமிர்ந்து நிற்கும் இந்த

(அடித்துவிட்டேன். கட்டடம் நிமிர்ந்து நிற்கவில்லை. பின்சுவர் கொஞ்சம் தொந்தி போட்டிருக்கிறது. "கம்பீரம்" என்ற சொல்லைக் கையேடு தவறாமல் எழுதி அதன் உயிரை வாங்கியவனும் நான்தான்.)

இரண்டாவது தொடக்கம்:

அந்த ஊரில் மதியத்துக்கு மேல் யாரும் எந்த முடிவும் எடுப்பதில்லை.

இது பரவாயில்லை. உண்மையும்கூட.

2

மன்றக் கூட்டம் அங்கே காலை ஏழு மணிக்கு. காரணம், கூட்ட அறை கட்டடத்தின் மேற்குப் பக்கம் இருக்கிறது. உச்சிப் பொழுது சாய்ந்ததும் மூன்று உயரமான ஜன்னல்கள் வழியே வெயில் நேராக உறுப்பினர்களின் முகத்தில் அடிக்கும். முன்னொரு காலத்தில் மாலையில் கூடினார்களாம். வெயிலை மறைக்கத் தூக்கிய கைகளையெல்லாம் ஆதரவு என்று எண்ணி, பொதுக் கிணற்றை மூடத் தீர்மானம் நிறைவேறிவிட்டது. மறுநாள் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து மோசமான யோசனை எதுவானாலும் அந்த ஊரில் அதற்குச் "சாயங்கால முடிவு" என்று பெயர்.

இவ்வளவு அழகாகக் கட்டிய ஒருவர் கூட்ட அறையைப் போய் ஏன் மேற்கே வைத்தார்? மாடிப்படிக் கைப்பிடி ஏன் யாருக்கும் தோதில்லாத பக்கத்தில் இருக்கிறது? மன்றத்தின் எழுத்தரிடம் கேட்டேன்.

3

எழுத்தரை ஊரே கிளார்க்கம்மா என்றுதான் கூப்பிடுகிறது. மன்றத்தின் ஒரே ஊழியர் அவர். பிறப்புச் சான்று, தெருவிளக்குப் புகார், கூட்டக் குறிப்பு எல்லாம் அவர் கையால்தான். கதாபாத்திரமாக அவர் தேறுவாரா என்பதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. வாசகர் இரக்கப்பட வேண்டுமே என்று ஒரு வரைவில் அவரைக் கணவனை இழந்தவராக்கினேன். எனக்கு நாள் தவறாமல் இரண்டு வேளை டீ போட்டுக் கொடுத்தவர் அந்தக் கணவர். மனசு கேட்கவில்லை; பிழைக்க வைத்துவிட்டேன்.

இரக்கத்துக்கு வேறு காரணம் இருக்கிறது. கட்டடம் பட்டியலில் ஏறினால் இடிக்க முடியாது. அலுவலகமும் அங்கேயே நடக்க வேண்டும். ஏறாவிட்டால் இடித்துவிட்டு, மன்றத்தைப் பக்கத்து நகரத்தோடு சேர்த்துவிடுவார்கள். அங்கே ஏற்கெனவே நான்கு எழுத்தர்கள். கிளார்க்கம்மாவின் வேலை போய்விடும்.

துறையின் விதி இது: மூல வரைபடம் இருந்தால் கட்டடம் அதனோடு ஒத்துப்போக வேண்டும். வரைபடமே கிடைக்கவில்லை என்றால், நிற்பதை நிற்கிறபடி ஏற்றுக்கொள்வார்கள். படிவத்தில் "வரைபடம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார் கிளார்க்கம்மா.

வரைபடம் அவருடைய பீரோவில் இருந்தது.

4

என் கேள்வியைக் கேட்டதும் கிளார்க்கம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பீரோவின் அடித்தட்டிலிருந்து பழுப்பேறிய டிரேசிங் தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார்.

"நல்லா பாருங்க சார். கூட்ட அறை எந்தப் பக்கம் இருக்கு?"

"கிழக்கே."

"கட்டியிருக்கிறது?"

"மேற்கே. படிக்கட்டும் மாறியிருக்கு. ஒண்ணுமே ஒத்துப்போகலையே."

அவர் தாளை எடுத்து, கோடு போட்ட பக்கம் கண்ணாடியில் படும்படி ஜன்னலில் வைத்து அழுத்தினார். வெளிச்சத்தில் கோடுகள் பின்பக்கமாகத் தெரிந்தன. கூட்ட அறை, படி, கைப்பிடி, மணிக்கூண்டு எல்லாம் நான் ஒரு வாரமாக அளந்துகொண்டிருந்த அதே இடங்களில் இருந்தன.

"மேஸ்திரி தாளைத் திருப்பிப் பிடிச்சுட்டாரு சார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது போல. எழுத்து திரும்பியிருக்குன்னு எப்படித் தெரியும்?"

"இன்ஜினியர் வந்து பார்க்கலையா?"

"வந்தாரு. கூரை போட்டப்புறம்."

பட்டியலை முடிவு செய்யும் மரபுத் துறை அதிகாரியிடம் சொல்லப்போகிறீர்களா என்று கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, உண்மையச் சொல்லிட்டு வேற வேலை தேடு, இல்லன்னா பொய்யச் சொல்லிட்டு நிம்மதியாத் தூங்கு, ரெண்டும் இல்லாம என் தூக்கத்தைக் கெடுக்காதேன்னு." தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். "நீங்க இதை எழுதாதீங்க சார்."

எழுத மாட்டேன் என்றேன்.*

* இந்த இடத்தில் நீங்கள் என்னைப் பற்றி நினைப்பது சரிதான். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

5

முடிவு அ: அதிகாரி வரைபடத்தைக் கண்டுபிடிக்கிறார். கட்டடத்தை இடிக்கிறார்கள். (அழ வைக்கும். அதனாலேயே பிடிக்கவில்லை.)

முடிவு ஆ: அதிகாரி கண்கலங்கி, "தப்பாக் கட்டினதுதான் இதோட சிறப்பே" என்கிறார். (ஊரே கைதட்டும். ஆனால் அந்த அதிகாரியை எனக்குத் தெரியும். படிவத்தில் அதற்கென்று கட்டம் கிடையாது. கட்டம் இல்லாத எதற்கும் அவர் கலங்கியதில்லை.)

முடிவு இ: கிளார்க்கம்மா வரைபடத்தைக் கிழித்து அடுப்பில்

(நடக்காது. இருபத்திரண்டு வருடங்களாக ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதவர்.)

வேறு வழியில்லாமல், எழுதிய வரைக்கும் அவருக்கே அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார்.

"எழுதாதீங்கன்னு சொன்னேன்ல சார்."

"தப்புதான். வேண்டாம்னா கிழிச்சுடறேன்."

"மனசுல இருந்ததை யாராவது எழுதினா நல்லாத்தான் இருக்கு. போட்டுக்குங்க. ஆனா அதிகாரி கேட்டா, கதைன்னு சொல்லணும். நான் ஒரு தடவை பொய் சொல்லிட்டேன். இனிமே உங்க முறை."

6

மேலே உள்ள ஐந்து பகுதிகளும் போன மாதம் ஒரு பத்திரிகையில் வந்துவிட்டன. இது அதற்குப் பிறகு எழுதுவது. இன்று காலை அதிகாரி தொலைபேசியில் அழைத்தார்.

"கதை படிச்சேன். பீரோ, அடித்தட்டு வரைக்கும் எழுதியிருக்கீங்க. நிஜமாவே அப்படி ஒரு பிளான் இருக்கா? நீங்க இல்லைன்னு சொன்னா, நானும் இல்லைன்னு எழுதி ஃபைலை மூடிடறேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கதை என்ற பெயரில் எத்தனையோ பொய்களைக் கூசாமல் எழுதியவன், ஒரே ஒரு சொல்லுக்குத் திணறினேன். பயமாக இருந்தது. நாளைக்குப் பேசுகிறேன் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

நாளைக்கு நான் சொல்லப்போவதை இங்கே எழுதினால் அது சாட்சியமாகிவிடும். அதனால் எழுதப்போவதில்லை. ஆனால் நான் திணறியதைக் கேட்டுவிட்ட அந்த மனிதர் இனி என்னோடு விடமாட்டார், இதைப் படித்தவர்களையும் விசாரிப்பார். தாளை ஜன்னலில் வைத்து நீங்களும்தான் பார்த்தீர்கள். வாயைத் திறப்பதற்கு முன் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: கிளார்க்கம்மா ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.